லிட்டருக்கு நாலரை

மாதத்தில் ஆறு நாள். என் வீட்டுக்காரர் எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அந்த ஆறிலும் ஒரு நாள் டயர் கடைக்குப் போய்விடும். ஒரு நாள் லாரி செட்டில் கிரீஸ் அடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் முழுக்கத் தூங்குவார். மிச்சமிருக்கிற மூன்றில் இரண்டு நாள் சண்டை. நான்தான் ஆரம்பிப்பேன். இருபத்து நாலு நாளாகச் சேர்த்து வைத்ததை வேறு எப்போதுதான் போடுவது?

அவர் ஓட்டுவது சொந்த லாரி, பன்னிரண்டு சக்கரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி பாகங்கள் ஏற்றிக்கொண்டு புனே போவார். வரும்போது வெங்காயம் ஏற்றிக்கொண்டு கோயம்பேடு வருவார். போக மூன்று நாள், வர மூன்று நாள், லோடுக்குக் காத்துக் கிடப்பது இரண்டு நாள். ஆக ஒரு நடைக்கு எட்டு நாள், மாதம் மூன்று நடை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் அவர் இல்லையென்றால் யாருமே இல்லை என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

நானும் அதே எஸ்டேட்டில்தான் வேலை பார்க்கிறேன். ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். கையில் ஒரு கேஜ் இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் நீலத் தட்டு, இல்லையென்றால் சிவப்புத் தட்டு. நடுவில் எதுவும் கிடையாது. பத்து வருஷமாக இதையே செய்து செய்து மனுஷர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சிவப்புத் தட்டு அனுபவம் அவருக்கு அதிகம்.

திருவேற்காட்டில் நாங்கள் இருப்பது கீழ் வீடு. மேல் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து இளம் தம்பதி. அந்தத் தம்பிக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தபடியே செய்கிறார். துணி காயப்போட மாடிக்குப் போனால் அந்தப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டு அலுத்துக்கொள்வாள்.

"எப்பவும் வீட்லயே இருக்காங்கக்கா. காதுல எதையாவது மாட்டிக்கிட்டுப் பேசிக்கிட்டே கெடக்காங்க. ஒரு நாளு வெளிய போனா நல்லா இருக்கும்னு இருக்கு."

மாற்றிக்கொள்ளலாமா என்று வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அர்த்தம் வேறு மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டு இறங்கி வந்தேன். அன்று ராத்திரி வைத்த ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். பொறாமை என்றால் பொறாமைதான், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

லேப்டாப் பாய் கதை ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். திருமழிசை தாண்டிக் குத்தம்பாக்கம் போகிற வழியில் லாரி செட்டுகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றின் முன்னால் புது போர்டு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து என் வீட்டுக்காரர் சொன்னார். அங்கே ஒரு பாய் இருக்கிறாராம், வண்டியைப் பிரிக்க மாட்டாராம், ஸ்பேனர் தொட மாட்டாராம், லேப்டாப்பை மாட்டியே லிட்டருக்கு அரை கிலோமீட்டர் ஏற்றித் தருவாராம்.

விஷயம் இதுதான். இப்போதைய லாரிகளில் இன்ஜினோடு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. எப்போது, எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். வண்டி செய்தவர்கள் எல்லா ஊருக்கும் எல்லா லோடுக்கும் பொதுவாக அதில் ஒன்றை எழுதி அனுப்பியிருப்பார்கள். அதைத் திறந்து, நம் ரூட்டுக்கும் நம் லோடுக்கும் ஏற்றபடி மாற்றி எழுதினால் டீசல் மிச்சமாகும். எங்கள் லாரி லோடோடு லிட்டருக்கு நாலு கொடுத்துக்கொண்டிருந்தது. நாலரை வந்தால்?

அந்த 'வந்தால்' என்னைப் பிடித்துக்கொண்டது. கம்பெனி பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். நாலரை வந்தால் இரண்டு நடையில் மிச்சமாகிற டீசலே மூன்றாவது நடையின் லாபத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். மூன்றாவது நடையை விட்டுவிடலாம். எட்டு நாள்! ஆறோடு எட்டு சேர்ந்தால் பதினாலு நாள். அரை மாதம் அவர் என்னோடு இருப்பார். வேலப்பன்சாவடி சிக்னலில் நின்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி தலைவலியா என்று கேட்டுத் தைலம் கொடுத்தாள். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை அவர் வந்ததும் தூங்கக்கூட விடாமல் செட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். லேப்டாப் பாய் பூந்தமல்லிக்காரர், நாற்பது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. லாரியில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகினார். மடியில் லேப்டாப். இரண்டு மணி நேரம் அவ்வளவுதான் வேலை. கையில் கறை படாத மெக்கானிக்கை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பாய், இதனால வண்டிக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாதுமா. உள்ள கீறத அப்படியே காப்பி எடுத்து வெச்சிக்கிறேன். புடிக்கலன்னா வா, பழசையே திருப்பிப் போட்டுத் தரேன்."

"அரை ஏறிடுமா?"

"அரை வரைக்கும் ஏறும். லோடு கீது, ரோடு கீது, ஓட்டறவரு காலு கீது, எல்லாத்தையும் பொறுத்ததுமா."

எனக்கு 'அரை' மட்டும்தான் காதில் விழுந்தது.

மூன்று மாதம் பார்ப்பது, நாலரை நிலைத்து நின்றால் நாலாவது மாதத்திலிருந்து ஒரு நடையைக் குறைப்பது என்று முடிவு செய்தோம். அளக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அளப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. டேங்கைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். அடுத்த தடவையும் கழுத்து வரை நிரப்பி, நடுவில் ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். அதே பங்க், அதே பக்கம், வண்டி சமதரையில் நிற்க வேண்டும், நுரை அடங்கும் வரை பொறுத்து இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். இத்தனை விதியும் நான் போட்டதுதான். ஒவ்வொரு முறை டீசல் பிடித்ததும் ஓடிய கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் பில்லையும் படம் எடுத்து அனுப்பிவிட்டு அவர் போன் செய்ய வேண்டும்.

அதுவரை எங்கள் போன் பேச்சு என்ன? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், எங்க கீற, இன்ன ஊரு, சரி வை. இப்போது பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

முதல் தடவை நாலு புள்ளி இரண்டு வந்தது. நான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். "அவ்ளோதானா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாவது நடையில் நாலு புள்ளி நாலு. "யோவ், ஏறுதுய்யா!" என்றேன். மூன்றாவது நடையில் நாலரை. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாயா பண்ணே, என் ராஜா" என்றுகூடச் சொல்லிவிட்டேன், அத்தனை பேர் நிற்கிற பஸ்ஸில். அந்தப் பக்கத்திலிருந்து அவர் மூச்சு மட்டும் கேட்டது. அவரும் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த மாதம்தான் கோளாறு கண்ணில் பட்டது. லாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டோல்கேட் ஸ்டிக்கர் என் போன் நம்பரில் இருக்கிறது. வண்டி ஒவ்வொரு டோல்கேட்டைத் தாண்டும்போதும் எனக்கு மெசேஜ் வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி. நான் அந்தப் பக்கமெல்லாம் போனதே இல்லை, ஆனால் வரிசை மாறாமல் சொல்வேன். காலையில் கிளம்பினாரென்றால், எனக்கு டீ பிரேக் விடும்போது அவர் வாலாஜா தாண்டுவார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது வாணியம்பாடி. ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு வாய் சாப்பிடுவதுபோல் இருக்கும்.

அந்த மாதம் டப்பாவைத் திறந்தேன், சாப்பிட்டேன், கழுவி வைத்தேன். வாணியம்பாடி வரவில்லை. பள்ளிகொண்டாவிலிருந்து வாணியம்பாடிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிறவருக்கு இப்போது ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. ஒரு தடவை என்றால் டிராஃபிக் என்று விடலாம். எல்லா டோல்கேட்டிலும் அப்படியே. போக மூன்று நாள் நாலானது, வரவும் நாலானது. எட்டு நாள் நடை பத்து நாள் ஆகிவிட்டது. பத்து மூன்று முப்பது. மாதத்தில் வீட்டுக்கென்று ஒரு நாள்கூட இல்லை. வெங்காயத்தை இறக்குவார், குளிப்பார், சாப்பிடுவார், அடுத்த லோடுக்குக் கிளம்புவார்.

லீவு போட்டுவிட்டுக் காத்திருந்த ஒரு நாளும் உண்டு. பூந்தமல்லி மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து குழம்பு வைத்திருந்தேன். அவர் வர வேண்டிய நாள் அது. மத்தியானம் மெசேஜ் வந்ததைப் பார்த்தால் வண்டி இன்னும் கர்நாடகாவில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து வந்தார். அதற்குள் குழம்பை நானே மூன்று வேளை சாப்பிட்டுத் தீர்த்திருந்தேன். "மீன் வாசன வருதே" என்றார். "உன் மூக்குக்கு மட்டும்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

சந்தேகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஊர் ஊராகப் போகிற ஆம்பளை. போகவும் வரவும் ஒவ்வொரு நாள் காணாமல் போகிறது. வராமல் இருக்க நான் என்ன தெய்வமா? டோல்கேட் நேரத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எங்காவது ஒரே இடத்தில் ஐந்தாறு மணி நேரம் நின்றிருந்தால் பிடித்துவிடலாம் அல்லவா? நிற்கவே இல்லை. வழி முழுக்க ஒரே சீராக, மெதுவாகப் போயிருந்தார். சந்தேகம் போய்விட்டது, கோபம் மட்டும் நின்றது. லேப்டாப்காரர்தான் வண்டியை நொண்டியாக்கிவிட்டார் என்று முடிவு செய்தேன். டீசலைக் குறைத்தால் வண்டிக்குத் தெம்பு எங்கிருந்து வரும்? எனக்கு நாலரையே வேண்டாம், பழசையே திருப்பிப் போடச் சொல்ல வேண்டும். வந்து சேர்ந்தால் போதும் என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. வெங்காயம் இறக்கிக் காலி வண்டி. அவரை முன்னால் விட்டுப் பின்னாலேயே போய் நானும் லாரியில் ஏறி உட்கார்ந்தேன். பல வருஷம் கழித்து அந்த கேபினில் ஏறுகிறேன். அவர் படுக்கிற பலகையில் என் பழைய புடவை ஒன்று நாலாக மடித்துத் தலைக்கு வைத்திருந்தது. எங்கே போயிற்று என்று நான் தேடிக்கொண்டிருந்த புடவை. அதைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது, ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

"எங்க போறோம்?" என்றார்.

"பாய் கடைக்கு. வண்டியக் கெடுத்து வெச்சிகீறாரு, பழசையே போடச் சொல்லணும்."

"வேணாமே. மைலேஜு நல்லாத்தான வர்து."

"மைலேஜு வர்து, நீ வர்றியா?"

அவர் சாவியைத் திருகினார். வண்டியை எடுத்தார்.

பாய் நான் கத்தியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வேகத்த நான் தொடவே இல்லமா" என்றார். "இன்னா பேச்சு பேசற நீ? நட, ஓட்டியே காட்டறேன்."

மூன்று பேரும் ஏறினோம். பாய் ஸ்டியரிங்கில், நான் நடுவில், அவர் ஜன்னல் ஓரம். வெளிவட்டச் சாலையில் ஏறியதும் பாய் மிதித்தார். முள் ஐம்பது தாண்டியது, அறுபது தாண்டியது, எழுபதைத் தொட்டது. ஒரு இழுவையும் இல்லாமல் வண்டி பறந்தது. "லோடோடயும் அறுபதுல போவும். முன்னவிட சுளுவாப் போவும். இன்னா அண்ணாத்தே, நீயே சொல்லு" என்றார். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. முள் செடியும் பிளாட் போட்ட கல்லும்தான்.

திரும்பி வந்து செட் வாசலில் நிறுத்தியதும் பாய் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. "வண்டி நல்லா கீதுமா. நான் ஒரு டீ சாப்ட்டு வரேன்" என்று இறங்கிப் போய்விட்டார். விவரமான மனுஷர்.

கேபினில் நாங்கள் இரண்டு பேர். நான் மெதுவாகத்தான் கேட்டேன், நம்பினால் நம்புங்கள்.

"ஏன்யா?"

என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "லேப்டாப்பு போட்டு ஏறுனது நாலு புள்ளி ரெண்டுதான் மே. அதுக்கு மேல ஏறல."

"அப்ப நாலர?"

"கால எடுத்துட்டேன். நாப்பதுலயே போனேன். நாப்பதுல போனா ஏறுது."

"எதுக்குய்யா? ரெண்டு நாள் போவுதே, தெரியலயா உனக்கு?"

"மொத தபா நாலு புள்ளி ரெண்டுன்னு சொன்னேன். அவ்ளோதானான்னு வெச்சிட்ட. மறு தபா கொஞ்சம் மெதுவாப் போனேன், ஏறிச்சி. நீ சிரிச்ச." கையால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. "பதினோரு வருசத்துல நான் போன் பண்ணி நீ அப்படி சிரிச்சதே இல்ல. அந்த சிரிப்பு அடுத்த பங்க் வரைக்கும் வரும். ரெண்டு நாள் லேட்டானா ஆவட்டும்னு தோணிச்சி."

நான் ஒரு வருஷத்துக்கு வைத்திருந்த சண்டையெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. இங்கே நான் டோல்கேட் டோல்கேட்டாக எண்ணிக்கொண்டு இந்த மனுஷன் வர மாட்டாரா என்று கிடக்கிறேன். அங்கே அவர் என் குரலுக்காக லாரியை உருட்டிக்கொண்டு வருகிறார். அளந்து அளந்து அனுப்பச் சொன்னது யார்? நான். 'அவ்ளோதானா' என்று வைத்தது யார்? அதுவும் நான்தான். நடுவில் எதுவும் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு இது வேண்டியதுதான். அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். டீசல் வாசனையும் வெங்காய வாசனையும் சேர்ந்து அடித்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை, எதிரே டீக்கடை, நாலு பேர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

பாய் எழுதிய புதுசு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நாலு புள்ளி இரண்டு வந்தால் அந்த அளவுக்கு லாபம்தானே. ஆனால் ஒரு நடையைக் குறைக்க அது போதாது. பதினாலு நாள் என்பது நான் பஸ்ஸில் கண்ட கனவு, அவ்வளவுதான். மறுபடியும் மூன்று நடை, எட்டு எட்டு நாள், மாதத்தில் அதே ஆறு. இனிமேல் படம் அனுப்ப வேண்டாம், நம்பர் சொல்ல வேண்டாம், அறுபதில் வந்து சேர் என்று சொல்லித்தான் அடுத்த நடைக்கு அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது போன் வந்தது. ஓசூர் தாண்டி, எப்போதும் நிரப்புகிற பங்க்கிலிருந்து பேசினார்.

"டீசல் போட்டாச்சி."

"சரி."

"டீ குட்ச்சேன்."

"ம்."

அவருக்குப் பின்னால் யாரோ வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தார்கள்.

"இன்னா மே, நம்பர் வேணாம்னா நான் இன்னா பேசறது?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பதினோரு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, சாப்பாட்டையும் ஊர் பேரையும் டீசலையும் தள்ளிவிட்டால் எங்களிடம் பேச்சு இல்லை. நான் ரோட்டோரமாக நின்றுவிட்டேன். போனை வைத்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

அவர் வைக்கவில்லை. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார்.

"ஊட்டுக்கு வரணும் போல கீது மே."

கிளம்பி அரை நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் ஏழரை நாள் இருந்தது.

"எனக்கும்தான்யா, நீ கெளம்பறதுக்கு முன்னாலேர்ந்தே" என்றேன்.